தொட்டம்மா நடந்த முப்பத்தாறு கற்கள்

சென்ற மாதம் ஓர் இளம் பெண் கால்நடை மருத்துவர் என்னைத் தேடி வந்திருந்தார். ஓசூருக்குத் தெற்கே நான் இருபத்தோரு ஆண்டுகள் கம்பவுண்டராக வேலை பார்த்த குதிரைப் பண்ணையில்தான் இப்போது அவருக்கு வேலை. பண்ணை இரண்டு கை மாறிவிட்டது. இருபது வயதுக் குதிரை ஒன்று அவர் பொறுப்பில் இருக்கிறது. முன்னங்கால் முட்டி தேய்ந்து, பனி இறங்கியதும் நொண்டத் தொடங்கியிருக்கிறது.

"மூட்டுக்குள்ள போடற ஊசி எல்லாம் இப்ப வந்துருச்சுங்க ஐயா. ஆனா இந்தக் குளிர் மூணு மாசத்தை அந்தக் காலத்துல நீங்க எப்படித் தள்ளினீங்கன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்" என்றார்.

மருந்துக் கம்பெனிகள் வருடப் பிறப்புக்குக் கொடுத்த டைரிகளை எடுத்து வைத்தேன். வேலையில் சேர்ந்த 1974 முதல் ஓய்வு பெற்ற 1995 வரை ஒன்றுகூடத் தவறவில்லை. 1986 கடைசியிலும் 1987 தொடக்கத்திலும் உள்ள பக்கங்களை அவர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து அழைத்தார்.

"ஐயா, கல் கணக்குன்னு தினமும் எழுதியிருக்கீங்களே, அதுல ஒரு சந்தேகம். ஜனவரி பதினஞ்சு 24. பதினேழு 34. நடுவுல பதினாறாம் தேதி மட்டும் 3-ன்னு இருக்கு. அவசரத்துல ஒரு எண் விட்டுப்போச்சுங்களா?"

விட்டுப்போகவில்லை. பதிலை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நேரில் சொன்னால் சில இடங்களைத் தாண்டிப் போய்விடுவேன் என்று எனக்கே தெரியும்.

நான் கல்லாவிக்காரன். எங்கள் பக்கம் வெயில்தான் பேச்சு. மார்கழியில் ஒரு துண்டைத் தலையில் சுற்றினால் போதும். கால்நடை உதவியாளர் பயிற்சி முடித்துவிட்டு மூன்று வருடம் மாட்டாஸ்பத்திரிகளில் தற்காலிகமாக ஓடினேன். பிறகு இந்தத் தனியார் பண்ணையில் வேலை கிடைத்தது. பந்தயக் குதிரைகளை இனம் பெருக்கும் இடம். வந்த முதல் மார்கழியிலேயே, மாட்டுக்குப் படித்த படிப்பும் கல்லாவி வெயிலும் இங்கே உதவாது என்று புரிந்துவிட்டது. காலை எட்டரை வரை எதிரே நிற்கும் ஆளின் முகம் தெரியாது. தொழிற்பேட்டையில் ஆறு மணிச் சங்கு ஊதும். முதல் ஷிப்டு பஸ்கள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் விடிந்துவிட்டது என்று தெரியும்.

குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் டாக்டர் வரதன் கற்றுக்கொடுத்தது. பெங்களூரிலிருந்து வாரம் இரண்டு முறை ஸ்கூட்டரில் வருவார். நொண்டுகிற குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினால் அதைப் பார்க்கவே மாட்டார். முதுகைத் திருப்பிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, தரையைப் பார்த்து நிற்பார். "நடத்து" என்பார். அவ்வளவுதான்.

லாயத்து வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை ஒரு கல்பாதை உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த கருங்கல் பலகைகள். குளம்பு வழுக்காமலிருக்க உளியால் கொத்திப் பாவியிருந்தார்கள். மொத்தம் முப்பத்தாறு. அந்தக் கல்லில் குதிரையை நடத்தச் சொல்லிக் காது கொடுப்பார் டாக்டர்.

"பழனி, எந்தக் காலு?" என்று முதல் நாள் என்னைக் கேட்டார்.

"முன் வலதுங்க. அதுதான் சத்தமா விழுதுங்க."

"தப்பு. நோவுற காலை அது மெதுவா வைக்கும். நல்ல காலு மேல பாரத்தைப் போடும், அதனால நல்ல காலுதான் கத்தும். சத்தம் போடறவனை விட்டுரு. சத்தம் போடாதவனைப் போய்ப் பாரு."

குதிரைகளைப் பற்றிப் பழைய நூல்கள் கிடைத்தால் விடாமல் படிப்பவன் நான். நிறம், சுழி, நடை, எந்தச் சுழி இருந்தால் எசமானனுக்கு ஆகாது என்று பக்கம் பக்கமாக இருக்கும். வயதான குதிரையை ஒரு குளிர்காலம் எப்படிக் காப்பாற்றுவது என்று எழுதியதை நான் கண்டதில்லை. போருக்கும் ஊர்வலத்துக்கும் ஆகாததைப் பற்றி யார் எழுதப்போகிறார்கள்?

அந்த டைரிப் பக்கங்களில் வரும் குதிரை தொட்டம்மாவுக்கு 1986-ல் பத்தொன்பது வயது. பந்தயத்தில் ஓடியபோது அவளுக்கு ஏதோ நீண்ட இங்கிலீஷ் பேர். குதிரைக்காரர்கள் எல்லாரும் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள்; பெரியம்மா என்ற பொருளில் தொட்டம்மா என்று அழைத்தார்கள். குட்டி ஈனுவது நின்று நான்கு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. தாயிடமிருந்து பிரித்த குட்டிகளை அவளோடுதான் புல்வெளியில் விடுவோம். அந்த வருடம் எட்டுக் குட்டிகள். அவள் நடந்தால் நடக்கும், நின்றால் நிற்கும். அவள் இல்லாவிட்டால் வேலியில் மோதிக் காலை ஒடித்துக்கொள்ளும்.

கார்த்திகையில் முன் இடது முட்டியில் நொண்டல் தொடங்கியது. டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தார். உள்ளே மணல் அரைபடுவது போல ஒரு நறநறப்பு, என் விரலுக்கே தெரிந்தது.

"இது ஆறாது பழனி. ஆனா நடக்க நடக்க இளகும். காலையில லாயத்தை விட்டு வர்றப்ப நொண்டுவா, எத்தனையாவது கல்லுல சத்தம் நாலு காலுக்கும் ஒண்ணாகுதுன்னு எண்ணு. தினமும் எழுது. எண்ணிக்கை ஏறினா நாம தப்புப் பண்றோம்னு அர்த்தம். தொட்டி வரைக்கும் போயும் ஒண்ணாகலேன்னா அன்னிக்கே எனக்குப் போன் போடு."

வலி மருந்துப் பொட்டலங்கள் என் அலமாரியில்தான் இருந்தன. அதையும் கேட்டேன்.

"அது கடைசிக்கு. வலி தெரியாத காலு எங்க வேணா மிதிக்கும். சாவி உங்கிட்டயே இருக்கட்டும்."

கார்த்திகைக் கடைசியில் ஏழாம் கல். மார்கழி பிறந்தபோது ஒன்பது. அப்புறம் பன்னிரண்டு, பதினைந்து. அந்த வருடப் பனி எங்களை விடவில்லை. காலையில் தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரை வலிக்கும்.

இங்கேதான் நாங்கள் முதல் தவற்றைச் செய்தோம். நாங்கள் என்றால் நானும் குதிரைக்காரர் முனியப்பாவும் அவர் மனைவி எல்லம்மாவும். தொட்டம்மாவை முனியப்பா ஒன்பது வருடமாகப் பார்த்துவந்தார். கணவனுக்குக் கூழ் கொண்டுவந்த எல்லம்மா ஒரு நாள் லாயத்து வாசலில் நின்று எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சாரே, நாலு புள்ள பெத்த ஒடம்பு அது. நடுங்கிக்கிட்டு நிக்குது, அத்தப் புடிச்சுப் பனியில நடத்தறீங்களே. நான் பெத்தப்ப எங்கம்மா வாசப்படி தாண்ட வுட்டுச்சா? காதுல பஞ்சு, இடுப்புல துணி, இருவது நாளு காத்துப் படல. இன்னிக்கும் நான் மூட்டை தூக்கறன் பாரு."

"டாக்டர் நடத்தச் சொல்லியிருக்காரு" என்றேன்.

"டாக்டரு புள்ள பெத்தாரா?"

முனியப்பா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று காலை எண்ணிக்கை பதினெட்டைத் தொட்டிருந்தது. அவள் முதல் கல்லில் காலை வைத்தபோது தலையைத் தூக்கிய விதம் எனக்கும் தாளவில்லை. டாக்டருக்குக் காய்ச்சல், ஒரு வாரம் வரமாட்டார் என்று தகவல் வந்திருந்தது. ஒப்புக்கொண்டேன்.

பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதை எல்லாம் செய்தோம். லாயத்தின் சன்னலுக்கும் கதவுக்கும் சாக்கு கட்டினோம். புங்க எண்ணெய் காய்ச்சி முட்டியில் தேய்த்தோம். காதுகளைக் கம்பளித் துண்டால் சுற்றினோம். கொள்ளு சூடு என்று எல்லம்மா வேகவைத்துக் கொண்டுவந்தாள். அதில் வெல்லம் போட்டுப் பிசைந்து, வேளைக்கு ஒரு சட்டி. குட்டிகளை வேறு லாயத்தில் அடைத்தோம். ஐந்து நாள் அவள் வெளியே வரவில்லை. நின்ற இடத்தில் நன்றாகத் தின்றாள், கண் தெளிந்திருந்தது. டைரியில் கல் கணக்குக்கு நேரே ஐந்து நாளும் "ஓய்வு" என்று எழுதினேன். அந்தச் சொல்லை எழுதும்போது நல்ல காரியம் செய்கிற நிறைவுகூட இருந்தது.

ஆறாம் நாள் காலை கதவைத் திறந்தோம். அவள் வெளியே வரவே மூன்று முறை தயங்கினாள். நான்கு காலும் முட்டிக்குக் கீழே தூண் போல வீங்கியிருந்தன. இடது முட்டி மடங்கவே இல்லை. காலை வெளிப்பக்கமாகச் சுழற்றிச் சுழற்றி வைத்தாள். பத்து, இருபது, முப்பது. முப்பத்தாறாம் கல்லையும் தாண்டித் தொட்டியில் வாய் வைத்தாள். சத்தம் ஒன்றாகவில்லை.

ஆபீசுக்கு ஓடிப் பெங்களூருக்குப் போன் போட்டேன். காய்ச்சலோடு டாக்டர் வாடகைக் காரில் வந்து இறங்கினார். சாக்குகளைப் பார்த்தார். சட்டியில் ஒட்டியிருந்த கொள்ளை விரலால் எடுத்து முகர்ந்தார். குனிந்து நான்கு குளம்புகளையும் புறங்கையால் தொட்டார்.

"வெல்லமுமா?"

"ஆமாங்க."

"இந்தத் தீனிக்குக் குளம்பு கொதிக்க ஆரம்பிச்சா முட்டியைப் பத்திக் கவலைப்பட வேண்டியதே இல்லை பழனி. ஒரே வாரத்துல முடிஞ்சுடும். இன்னிக்கும் நாளைக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பாத்து எழுது."

திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குள் மேஜர் வந்துவிட்டார். பண்ணை மேனேஜர் அவர். குதிரைப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், கையில் ஒரு பிரம்பு. தமிழ் அரைகுறைதான், ஆனால் பேச அஞ்சமாட்டார். கொடுமைக்காரர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. எந்தக் குதிரையையும் பிரம்பால் தொட்டு நான் பார்த்ததில்லை.

"டாக்டர், இது என்ன நடை? இந்தக் குதிரை எனக்காக எட்டு வருஷம் குட்டிங்களை வளர்த்தது. இதுக்கு நான் இந்த மாதிரி குளிர் காட்டமாட்டேன். ஒரு குண்டு, ஒரு நிமிஷம். அது மரியாதை."

"பனி போனா இளகிடும் மேஜர்."

"எப்போ போகும்?"

"சிவராத்திரிக்கு" என்றார் முனியப்பா, யாரும் கேட்காமலே. "அன்னிக்குப் பனி சிவ சிவான்னு போயிடும் தொரே."

"அவ்ளோ நாள் வலியில நிக்கணுமா?" மேஜர் கல்பாதையைப் பிரம்பால் அளப்பது போல ஒரு முறை பார்த்தார். "பொங்கல் லீவு முடிஞ்சு, பதினாறாம் தேதி காலை எட்டு மணி. பாதி கல். பதினெட்டுக்குள்ள நொண்டல் நிக்கணும். நிக்கலேன்னா நீங்க எனக்கு எதுவும் சொல்லக் கூடாது."

டாக்டர் தலையசைத்தார். எங்களுக்குப் பதின்மூன்று நாள் இருந்தது.

குளம்பு கொதிக்கவில்லை. அந்த ஒரு தெய்வம் எங்கள் பக்கம் இருந்தது. கொள்ளும் வெல்லமும் அன்றோடு நின்றன. கேழ்வரகுத் தாளும் காய்ந்த புல்லும்தான். சாக்குகளை அவிழ்த்துக் காற்று விட்டோம். ஆனால் கூரைக்கு அடியில் வீசும் ஊதைக்காற்றை மட்டும் தட்டி வைத்து மறைத்தோம். தரையில் மரத்தூளை முழங்கால் உயரத்துக்குக் கொட்டினோம், படுத்தால் முட்டி கல்லில் இடிக்காமலிருக்க. லாடக்காரரை வரவழைத்து முன்குளம்பின் நுனியைக் குறைத்து, தோல் வைத்து லாடம் அடித்தோம். நுனி நீளமாக இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டி அதிகம் மடங்க வேண்டியிருக்கும். காலையில் வறுத்த உப்பைத் துணியில் முடிந்து கால் மணி நேரம் ஒத்தடம். பிறகு பஞ்சு வைத்து முட்டிக்குக் கட்டு. பிறகு நடை. ஒரே நடையாக ஒரு மணி நேரம் இல்லை. கால் கால் மணி நேரமாக ஒரு நாளில் ஆறு முறை, மண்ணில். கல்லில் காலையில் ஒரே ஒரு முறைதான், எண்ணுவதற்கு. மற்ற நேரம் குட்டிகளோடு சிறிய புல்வெளியில். குட்டிகள் சும்மா நிற்க விடாது, அதுவும் மருந்துதான் என்றார் டாக்டர்.

35. 33. 33. 31. எல்லம்மா கூழ் கொண்டுவரும்போது எண்ணிக்கை மட்டும் கேட்பாள், வேறு பேச்சில்லை. 30. 28. 27. பொங்கல் அன்று பண்ணையில் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். நானும் முனியப்பாவும் மட்டும் போகவில்லை. மாட்டுப் பொங்கல் அன்று முனியப்பா தொட்டம்மாவின் நெற்றியிலும் குங்குமம் வைத்தார். அன்று எண்ணிக்கை 24.

மறுநாள்தான் பதினாறு.

மாட்டுப் பொங்கல் மாலை ஐந்து மணிக்கே மருந்து அறை வாசலில் முனியப்பா வந்து நின்றார்.

"இருவத்தி நாலு, சாரே."

"தெரியும்."

"ஒரே ராத்திரியில ஆறு கல்லு கொறையுமா?"

"குறையாது."

"அந்தப் பொட்டலம் என்னாத்துக்கு அலமாரியில கீது? கடசிக்குன்னு டாக்டரே சொன்னாருன்னு நீதான் சொன்ன. இதுக்கு மேல எது கடசி?"

அவர் என்னை ஒருமையில் பேசியது அன்று ஒரு நாள்தான். நான் சாவியை எடுத்தேன். யாரும் என் கையைப் பிடித்து எடுக்க வைக்கவில்லை. மாலை ஆறு மணிக்கு ஒரு பொட்டலம், விடியற்காலை ஐந்து மணிக்கு இன்னொரு பொட்டலம், வெல்ல உருண்டையில் வைத்துக் கொடுத்தேன். வெல்லத்தை அவள் மறந்திருக்கவில்லை. என் உள்ளங்கையை நக்கித் துடைத்தாள்.

எட்டு மணிக்கு மேஜரும் டாக்டரும் நின்றார்கள். டாக்டர் வழக்கம் போல முதுகைக் காட்டி நின்றார். முனியப்பா நடத்தினார். முதல் கல்லில் ஒரு சிறு தயக்கம். இரண்டாவதில் அதுவும் இல்லை. மூன்றாம் கல்லிலிருந்து நான்கு கால்களும் ஒரே அளவாகத் தட்டிக்கொண்டு போயின. தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையை உதறினாள்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்றார் மேஜர்.

டாக்டர் திரும்பினார். "டைரி" என்று கை நீட்டினார். பழக்கதோஷம், அதற்குள் நான் 3 என்று எழுதியிருந்தேன். அவர் அதைப் பார்த்தார், முந்தைய நாளின் 24-ஐப் பார்த்தார். மருந்து என்ற கட்டம் காலியாக இருப்பதையும் பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலை போகும், போனால் போகட்டும். ஆனால் சொன்ன அடுத்த நிமிடம் மேஜர் துப்பாக்கி எடுத்துவரச் சொல்வார் என்பதுதான் என் கண் முன் நின்றது.

"மேஜர், இன்னிக்குக் கணக்கு செல்லாது" என்றார் டாக்டர். "வலி மருந்து குடுத்திருக்கு. நான்தான் குடுக்கச் சொன்னேன். நொண்டறதுல வலி எவ்வளவு, எலும்பு இறுகினது எவ்வளவுன்னு பாக்கணும் இல்லையா? வலிதான் அதிகம்னு தெரிஞ்சுபோச்சு. மருந்து இறங்க அஞ்சு நாள் ஆகும். இருபத்தொண்ணாம் தேதி மறுபடி பாருங்க."

மேஜர் என்னை ஒரு முறை பார்த்தார். டாக்டரை ஒரு முறை. "ட்வெண்டி ஃபர்ஸ்ட்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பேனாவை எடுத்து மருந்துக் கட்டத்தில் எழுதப் போனேன்.

"எழுதாதே" என்றார் டாக்டர். "என்ன எழுதுவே? நான் சொல்லிக் குடுத்தேன்னு எழுதினா பொய். நீயா குடுத்தேன்னு எழுதினா நான் பொய்யன். அது காலியாவே இருக்கட்டும். எல்லாத்தையும் எழுதறவன் நீ. அந்த ஒரு கட்டத்தைப் பாக்கறப்பல்லாம் உனக்குக் குத்தட்டும்."

தண்டனை அதோடு முடியவில்லை. அன்று பிற்பகல், தொட்டம்மா நன்றாக நடந்த மகிழ்ச்சியில் முனியப்பா பெரிய புல்வெளியின் கதவைத் திறந்துவிட்டார். நான் மருந்து அறைச் சன்னலிலிருந்து பார்த்தேன். பத்தொன்பது வயதுக் கிழவி வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து ஓடினாள், எட்டுக் குட்டிகளும் பின்னால். வலி தெரியாத காலு எங்க வேணா மிதிக்கும். நான் போய்ச் சேர்வதற்குள் வேலியைச் சுற்றி மூன்று முறை வந்துவிட்டாள்.

மறுநாள் 34.

முட்டி கொய்யாப்பழம் போல உருண்டிருந்தது. பதின்மூன்று நாளில் இறக்கியதை ஒரு பிற்பகலில் ஏற்றிவிட்டோம். மீதி நான்கு நாள். முனியப்பா லாயத்து மூலையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். எல்லம்மா அவரை எழுப்பினாள். "அழுதா மூட்டு எளகுமா? உப்பை வறு." முதல் நாள் தண்ணீர் ஒற்றி வீக்கத்தை அடக்கினோம். பிறகு பழையபடி ஒத்தடம், கட்டு, நடை. நாங்கள் மூன்று பேரும் முறை வைத்து நடத்தினோம். 32. 28. இருபதாம் தேதி காலை 23.

இருபத்தொன்று விடிந்தபோது பனி இறங்கியிருந்ததைப் போல அந்த வருடம் எந்த நாளும் இறங்கவில்லை. தொட்டி தெரியவில்லை. ஐந்தாறு கற்களுக்கு அப்பால் கல்பாதையே தெரியவில்லை. நாளை பார்க்கலாம் என்று மேஜர் சொல்வார் என நினைத்தேன். அவர் கம்பளிக் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "டாக்டர், இன்னிக்கு நானும் உங்க மாதிரி திரும்பி நிக்கறேன். கண்ணுக்கு ஒண்ணும் வேலை இல்லை" என்றார். இருவரும் லாயத்து வாசலில் முதுகைக் காட்டி நின்றார்கள். "நான் கேக்கறது எனக்குத்தான் கணக்கு. சத்தம் ஒண்ணானதும் நான் சொல்லுவேன். கம்பவுண்டர், நீ கூட நட. அப்போ எத்தனாவது கல்லுன்னு நீ சொல்லு."

முனியப்பா கயிற்றைப் பிடித்தார். நான் பக்கத்தில் நடந்தேன். மூன்று அடி வைத்ததும் அவர்கள் இருவரும் பனியில் மறைந்துவிட்டார்கள். டக், டக், டக், பிறகு ஒரு மென்மையான தொடுதல். டக், டக், டக், தொடுதல். எட்டு. ஒன்பது. முனியப்பாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எண்ணினாரா வேண்டினாரா தெரியாது. பதின்மூன்று. அந்த மெல்லிய ஒலி சற்றே கனத்தது. பதினைந்து. பதினாறாம் கல்லில் எனக்குச் சத்தம் ஒன்றாகக் கேட்டது. முனியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், அவருக்கும் கேட்டுவிட்டது. பின்னாலிருந்து குரல் இல்லை. பதினேழு. பதினெட்டு. சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று மனதுக்குள் கத்தினேன். பத்தொன்பதாம் கல்லில் அவள் இடது காலை வைத்தபோது பனிக்குள்ளிருந்து வந்தது.

"நௌ! ஸ்டாப்! எத்தனை?"

பனியில் அவர்கள் கண்ணுக்கு நாங்கள் தெரியமாட்டோம். காலடியில் கல்லுக்கு எண் பொறித்திருக்கவில்லை. முனியப்பா கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "பதினெட்டு" என்று உதட்டை மட்டும் அசைத்தார். ஒரு கல். ஒன்றே கால் முழம்.

தொட்டம்மாவின் மூச்சு என் காதில் சூடாகப் பட்டது.

"பத்தொன்பது" என்றேன்.

பிரம்பு கல்லில் தட்டும் சத்தம் மட்டும் நெருங்கி வந்தது. மேஜர் பனியிலிருந்து வெளிப்பட்டு, எங்கள் அருகில் வந்து, குனிந்து அவள் முட்டியைக் கையால் தடவினார். டாக்டரும் பின்னால் வந்து நின்றார்.

"நான் வர்றப்போ கல் எண்ணிட்டே வந்தேன்" என்றார் மேஜர், குனிந்தபடியே. "பத்தொன்பது. நீ பதினெட்டுன்னு சொல்லியிருந்தா ஆபீசுல இருந்து துப்பாக்கி வந்திருக்கும். ஏன் தெரியுமா? தினம் தினம் நான் வந்து எண்ண முடியாது. உன் நோட்டை நம்பித்தான் இவளை வெச்சுக்கணும். படையில இருவத்திரண்டு வருஷம் குதிரை பார்த்தவன் நான். அன்னிக்கு மூணாம் கல்லு யாரு வேலைன்னு எனக்குத் தெரியாதா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"சிவராத்திரி வரைக்கும்" என்று சொல்லிவிட்டு மேஜர் நிமிர்ந்தார். "முனியப்பா, பெரிய கேட்டுக்குப் பூட்டு போடு."

சிவராத்திரி அன்று எண்ணிக்கை 8. தொட்டம்மா இன்னும் இரண்டு குளிர்காலம் குட்டிகளோடு நடந்தாள். சாக்கும் கொள்ளும் திரும்ப வரவில்லை. எல்லம்மாவே ஐப்பசியில் வந்து, மரத்தூள் வண்டி எப்போது வரும் என்று கேட்பாள். 1989 கோடையில், நல்ல வெயிலில், மரநிழலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அன்று காலை எண்ணிக்கை 2. மருந்து எதுவும் இல்லாமல் வந்த 2 அது.

டாக்டரம்மாவுக்கு இவ்வளவுதான் பதில். உங்கள் குதிரைக்கு உங்களிடம் ஊசி இருக்கிறது, படமெடுக்கும் கருவி இருக்கிறது. ஆனாலும் காலையில் அதன் பக்கத்தில் நடந்து எண்ணிப் பாருங்கள், கூடினாலும் குறைந்தாலும் உள்ளபடி எழுதுங்கள். என் டைரி எண்களை வைத்து வரைபடம் போட்டுப் பார்ப்பதாகப் போனில் சொன்னீர்கள். அதில் பதினாறாம் தேதியைச் சேர்க்க வேண்டாம்.

டாக்டர் வரதனும் மேஜரும் இப்போது இல்லை. இதை எழுதும் முன் அந்த டைரியைத் திறந்து, பேனாவையும் மூடி கழற்றி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கல் கணக்கில் 3 இருக்கிறது. மருந்துக் கட்டம் அவர் சொன்னபடியே காலியாக இருக்கிறது. பேனாவை மூடிவிட்டேன்.